காயலான் கடையில் ஒரு நீலப் பெட்டி

1963 நவம்பர் 23, சனிக்கிழமை. லண்டனில் மாலை 5 மணி 16 நிமிடம். கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரே மூடுபனி. ஒரு போலீஸ்காரர் டார்ச் விளக்கோடு ரோந்து வருகிறார். பெரிய மரக்கதவு ஒன்றில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவர் போனதும் கதவு தானாகத் திறக்கிறது, காமிரா உள்ளே நுழைகிறது. உடைந்த பொம்மைகள், தட்டுமுட்டுச் சாமான்கள். அவற்றுக்கு நடுவில், தெருமுனையில் நிற்க வேண்டிய ஒரு போலீஸ் டெலிபோன் பெட்டி. அது மெல்ல ரீங்காரமிட்டுக்கொண்டிருக்கிறது.

பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடர் இப்படித்தான் ஆரம்பித்தது. பார்க்காதவர்களுக்கு ஒரு வரியில்: காலத்தின் முன்னும் பின்னும் போகிற ஓர் எந்திரம், வெளியே பார்த்தால் சின்னப் பெட்டி, உள்ளே போனால் பெரிய மண்டபம், அதில் சுற்றித் திரிகிற பெயர் தெரியாத ஒருவர். நம் ஊர்க் கதைகளில் குகைக்குள்ளே ஒரு பட்டணமே இருக்குமே, அந்த மாதிரி. 1963 முதல் 1989 வரை ஓடியது, 2005-இல் புதிதாக மறுபடி தொடங்கியது. சிறுவர்களும் வீட்டிலிருக்கும் பெரியவர்களும் சேர்ந்து பார்ப்பதற்காக எடுத்த தொடர்.

முதல் எபிசோடைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். முதல் தடவை பார்க்கும்போது பெட்டிதான் கண்ணில் நின்றது. இந்தத் தடவை வேறு விஷயம். அந்த 25 நிமிடமும் ஒரே ஒரு சங்கடத்தைத்தான் பேசுகிறது: ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்தியை ஊர் எப்படிப் பார்க்கிறது? எடுத்தவர்கள் யார் யார் என்று பட்டியலைப் பார்த்தால் அவர்களில் பலர் பிபிசிக்கு வெளியிலிருந்து, இங்கிலாந்துக்கே வெளியிலிருந்து வந்தவர்கள். இது இரண்டும் தற்செயலாக ஒன்று சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஆட்களைப் பார்ப்போம்.

சிட்னி நியூமன் கனடாக்காரர். டொரன்டோவில் பிறந்தவர், ரஷ்யாவிலிருந்து போன யூதக் குடும்பம். கனடாத் தொலைக்காட்சியிலும், பிறகு இங்கிலாந்தில் ஏபிசி என்ற தனியார் நிறுவனத்திலும் வேலை பார்த்துவிட்டு, பிபிசியின் நாடகப் பிரிவுக்குத் தலைவராக வந்து சேர்ந்தார். வந்ததும் அவர் கண்ணில் பட்டது சனிக்கிழமை மாலையில் இருந்த ஒரு ஓட்டை. மதியம் முழுக்க 'கிராண்ட்ஸ்டாண்ட்' என்ற விளையாட்டு நிகழ்ச்சி. அதற்கப்புறம் 'ஜூக் பாக்ஸ் ஜூரி' என்ற பாட்டு நிகழ்ச்சி. முன்னதைப் பார்ப்பவர்கள் அப்பாக்கள், பின்னதைப் பார்ப்பவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள். நடுவில் யாரும் எழுந்து போகாமல் உட்கார வைக்க ஒரு கதை வேண்டும். கூடவே கொஞ்சம் படிப்பும் இருக்க வேண்டும் என்பது திட்டம். கடந்த காலத்துக்குப் போனால் வரலாறு, எதிர்காலத்துக்கோ வேறு கிரகத்துக்கோ போனால் அறிவியல். கதையில் ஒரு வரலாற்று டீச்சரும் ஓர் அறிவியல் வாத்தியாரும் இருப்பதற்குக் காரணம் இதுதான். பூச்சிக்கண் பூதங்கள் மட்டும் கூடவே கூடாது என்று நியூமன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் (இந்தக் கட்டளை எத்தனை நாள் தாங்கியது என்று கடைசியில் சொல்கிறேன்).

தயாரிப்பாளராக நியூமன் கொண்டு வந்தது வெரிட்டி லாம்பர்ட்டை. வயது 27. லண்டன் யூதக் குடும்பத்துப் பெண். ஏபிசியில் நியூமனிடம் உதவியாளராக இருந்தவர், அதுவரை சொந்தமாக எதையும் தயாரித்ததில்லை. அப்போது பிபிசி நாடகப் பிரிவில் இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர் அவர்தான், வயதிலும் எல்லோருக்கும் சின்னவர். டை கட்டிய நடுத்தர வயது ஆண்கள் நிறைந்த ஒரு கட்டடத்தில் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

இயக்குநர் வாரிஸ் ஹுசைன். 1938-இல் லக்னோவில் பிறந்தவர். சிறுவனாக இங்கிலாந்துக்குப் போய், கேம்பிரிட்ஜில் படித்து, 1960-இல் பிபிசியில் பயிற்சி இயக்குநராகச் சேர்ந்தார். இந்த எபிசோடை எடுக்கும்போது வயது 24. இவருடைய அம்மா யார் தெரியுமா? அத்தியா ஹுசைன். லக்னோவின் தாலுக்தார் குடும்பம் ஒன்று பிரிவினைக் காலத்தில் சிதறிப்போவதை 'சன்லைட் ஆன் எ புரோக்கன் காலம்' என்ற நாவலாக எழுதியவர். 1947-இல் இந்தியாவா பாகிஸ்தானா என்ற கேள்வி வந்தபோது பாகிஸ்தான் போக மனமில்லாமல் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டவர். அந்த நாவல் வெளிவந்தது 1961-இல். இரண்டே வருஷம் கழித்து மகன் டாக்டர் ஹூவை இயக்குகிறார்.

கதை எழுதியதாகத் திரையில் பெயர் வருகிற ஆன்டனி கோபர்ன் ஆஸ்திரேலியாக்காரர். (சி.இ. வெப்பர் என்ற இன்னொருவர் முன்னதாகப் போட்டு வைத்த அடித்தளம் நிறைய இருக்கிறது. அவர் பெயர் திரையில் வரவில்லை.) முகப்பு இசைக்கு மெட்டுப் போட்ட ரான் கிரைனரும் ஆஸ்திரேலியாக்காரர்தான்.

இனி அந்த வருஷத்து இங்கிலாந்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். காமன்வெல்த் நாடுகளிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம் என்றிருந்ததை 1962-இல் ஒரு சட்டம் போட்டு நெருக்கிவிட்டார்கள். பிரிஸ்டல் நகரத்தில் கறுப்பரையும் ஆசியரையும் பஸ்ஸில் வேலைக்கு வைக்க மாட்டோம் என்று பஸ் கம்பெனி அடம்பிடித்தது. 1963 ஏப்ரல் கடைசியில் ஜனங்கள் பஸ் புறக்கணிப்பில் இறங்கி, ஆகஸ்டு 28-ஆம் தேதிதான் கம்பெனி இறங்கி வந்தது. முதலில் வேலைக்கு வந்த வெள்ளையரல்லாத கண்டக்டர் ஒரு சீக்கியர். செப்டம்பர் 17-இல் சேர்ந்தார். பத்து நாள் கழித்து, செப்டம்பர் 27-ஆம் தேதி, லண்டன் லைம் குரோவ் ஸ்டூடியோவில் டாக்டர் ஹூவின் சோதனைப் படம் பதிவானது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காற்றில்தான் இதுவும் பிறந்தது.

சரி, எபிசோடுக்கு வருவோம்.

கோல் ஹில் பள்ளிக்கூடம். மணி அடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். வரலாற்று டீச்சர் பார்பரா ரைட், அறிவியல் வாத்தியார் இயன் செஸ்டர்டனிடம் வந்து ஒரு மாணவியைப் பற்றி விசாரிக்கிறார். பெயர் சூசன் ஃபோர்மன், வயது 15. சில விஷயங்களில் டீச்சரையே மிஞ்சுகிறாள், சில விஷயங்களில் சின்னக் குழந்தைக்குத் தெரிவதுகூடத் தெரியவில்லை. விலாசம் கேட்டால் 76, டாட்டர்ஸ் லேன் என்கிறாள். பார்பரா போய்ப் பார்த்தால் அங்கே வீடே இல்லை, பழைய சாமான் கிடங்குதான் இருக்கிறது. ('டாட்டர்' என்றால் லண்டன் பேச்சில் தெருத்தெருவாகப் பழைய சாமான் வாங்குகிறவர். காயலான் கடைச் சந்து என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.)

பிறகு இருவரும் காரில் உட்கார்ந்து, வகுப்பில் நடந்ததையெல்லாம் நினைவுகூருகிறார்கள். இந்த இடத்தில் ஹுசைன் செய்திருப்பதைக் கவனியுங்கள். வகுப்பறைக் காட்சிகளில் காமிரா ஆசிரியர் நிற்கிற இடத்தில் நிற்கிறது. ஆசிரியரின் குரல் மட்டும் கேட்கிறது, சூசன் நம்மை நேராகப் பார்த்துப் பதில் சொல்கிறாள். கேள்வி கேட்கிறவர் நாம், விசாரணைக் கூண்டில் நிற்பவள் அவள். இயன் ஒரு கணக்குக் கொடுக்கிறார். மூன்று பரிமாணம் போதாது, காலத்தையும் சேர்க்க வேண்டும் என்று பதறுகிறாள். பார்பராவின் வகுப்பில் ஒரு பவுனுக்கு எத்தனை ஷில்லிங் என்று தெரியாமல் விழிக்கிறாள். வகுப்பே சிரிக்கிறது. தசம நாணய முறை என்று நினைத்துவிட்டேன் என்கிறாள். அது அமெரிக்காவில், இங்கே இல்லை என்கிறார் டீச்சர். ஆமாம், இன்னும் ஆரம்பிக்கவில்லை அல்லவா என்று தன்னைத் திருத்திக்கொள்கிறாள்.

இந்த ஒரு நகைச்சுவையை வைத்து ஒரு வரலாற்று வகுப்பே எடுக்கலாம். அப்போது பிரிட்டனில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன், ஆக 240 பென்ஸ் ஒரு பவுன். இதை மாற்றலாமா என்று ஆராய 1961 டிசம்பரில் ஹால்ஸ்பரி பிரபு தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் அறிக்கை வெளிவந்தது 1963 செப்டம்பரில். அதாவது சூசனின் பதில் அந்த மாதத்துச் செய்தித்தாள் சமாச்சாரம். மாற்றப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது 1966-இல். உண்மையிலேயே மாறியது 1971 பிப்ரவரி 15. எழுதியவர்கள் வருங்காலத்தை ஊகித்து எழுதிய ஒரு வரி ஏழு வருஷம் கழித்துப் பலித்துவிட்டது.

ஆனால் எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. லண்டன் வகுப்பறையே சிரிக்கிற இந்தத் தசம முறை, இயக்குநர் பிறந்த நாட்டில் 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியே வந்தாகிவிட்டது. ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா. (நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் அதற்கப்புறமும் பல தலைமுறைக்குப் போகவில்லை.) இலங்கை 19-ஆம் நூற்றாண்டிலேயே ரூபாய்க்கு 100 சதம் என்று மாறிவிட்டது. எழுத்தாளர் பிறந்த ஆஸ்திரேலியா 1966 பிப்ரவரி 14-இல் மாறியது. ஆக சூசன் எதிர்காலத்திலிருந்து வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மதராஸிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கப்பலில் வந்த ஒரு பெண்ணும் அதே வகுப்பில் அதே கேள்விக்கு அதே மாதிரி விழித்திருப்பாள், அதே சிரிப்பை வாங்கியிருப்பாள். அந்தக் காட்சி முடிந்ததும் இயன் சந்தேகப்படுவதும் இதைத்தான்: இவள் வெளிநாட்டுப் பெண்ணாக இருப்பாளோ? அடுத்த நொடியே அதுவும் பொருந்தவில்லை என்று விட்டுவிடுகிறார்.

பார்பரா கொடுத்த பிரெஞ்சுப் புரட்சிப் புத்தகத்தைச் சூசன் புரட்டுகிற ஒரு காட்சியும் உண்டு. ஒரு பக்கத்தில் நின்று, இது இப்படி நடக்கவில்லையே என்கிறாள். வரலாறு படிக்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சல் கிளப்பும் இடம் :-) அடுத்த வருஷமே தொடர் அந்தப் புரட்சிக்கு நடுவிலேயே ஒரு கதையைக் கொண்டுபோய் வைத்தது.

இருட்டியதும் ஆசிரியர்கள் இருவரும் சூசனைப் பின்தொடர்ந்து கிடங்குக்குள் போகிறார்கள். போலீஸ் பெட்டியைத் தொட்டால் அதிர்கிறது, உயிரோடு இருப்பதுபோல. அந்த நேரம் ஒரு கிழவர் வருகிறார். வில்லியம் ஹார்ட்னெல். சினிமாவில் முரட்டு ராணுவ சார்ஜென்ட் வேஷங்களுக்குப் பேர்போன நடிகர், அப்போது வயது 55. அவர் நடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இந்த ஐந்து நிமிடமே போதும். பொய் சொல்கிறார், பேச்சை மாற்றுகிறார், கீழே கிடக்கும் பழைய படச்சட்டம் ஒன்றை எடுத்து அக்கறையாகப் பார்ப்பது போல் பாவனை செய்கிறார். பெட்டிக்குள்ளிருந்து சூசனின் குரல் கேட்டுவிட, ஆசிரியர்கள் கிழவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்கிறார்கள். இருட்டுக் கிடங்கிலிருந்து சட்டென்று வெள்ளை வெளேரென்ற ஒரு பெரிய அறை. இன்றைக்கும் அந்த வெட்டு வேலை செய்கிறது.

யார் பக்கம் நியாயம் என்று முடிவு செய்ய முடியாமல் காட்சியை எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் நல்லவர்கள், அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆபத்தோ என்று கவலைப்பட்டு வந்தவர்கள். அதே சமயம், அழைக்காத வீட்டுக்குள் புகுந்து விளக்கம் கேட்பவர்களும் அவர்கள்தான். கிழவரின் பயமும் நியாயமானது: இவர்கள் வெளியே போனால் ஊருக்குச் சொல்வார்கள், ஊர் வந்தால் நமக்கு இங்கே இடமில்லை. சூசன் நடுவில் நின்று அழுகிறாள். ஐந்து மாதமாக இந்த ஊர்தான் தனக்குச் சந்தோஷமாக இருந்தது, தாத்தாவை விட்டுவிட்டாவது இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிற அளவுக்குப் போகிறாள். புலம்பெயர்ந்த வீடுகளில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நடக்கிற சண்டையைக் கொஞ்சமாவது பார்த்தவர்களுக்கு இது காலப் பயணக் கதையாகத் தெரியாது.

இதே காட்சியில் ஒரு கறையும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது. பெட்டிக்குள் இவ்வளவு பெரிய இடமா என்று நம்ப மறுக்கும் ஆசிரியர்களை மட்டம் தட்ட, முதன்முதலில் ரயிலைப் பார்த்துத் திகைத்த செவ்விந்தியரின் 'காட்டுமிராண்டி மனம்' என்று ஓர் உவமையை எடுத்துவிடுகிறார் கிழவர். வெள்ளைக்கார வாத்தியாரை ஒரு நிமிடம் 'நாகரிகமற்றவர்' இடத்தில் நிற்க வைப்பது குறும்புதான். ஆனால் அந்தக் குறும்புக்கு அடித்தளம் பழைய காலனியச் சரக்கு. வெளியாட்களின் வலியைச் சொல்கிற படத்திலேயே இன்னொரு ஜனத்தைக் கேவலப்படுத்தும் ஒரு வரி யாருக்கும் உறுத்தாமல் போயிருக்கிறது. லக்னோவில் பிறந்த இயக்குநர் அதைப் படமாக்கும்போது என்ன நினைத்தாரோ.

இப்போது முக்கியமான கட்டம். நாம் பார்க்கும் எபிசோட் இரண்டாவது தடவை எடுத்தது. முதலில் எடுத்த செப்டம்பர் 27 சோதனைப் படத்தில் கோளாறுகள் ஏகப்பட்டவை. கதவுகள் சாத்த மறுத்து டமடமவென்று சத்தம் போடுகின்றன, வசனத்தில் தடுமாற்றம். வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது அந்தக் காலத்தில் செலவு பிடிக்கிற வேலை என்பதால், மேடை நாடகம் மாதிரி பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுவார்கள். நியூமன் பார்த்துவிட்டு லாம்பர்ட்டையும் ஹுசைனையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். உங்கள் இரண்டு பேரையும் வேலையை விட்டே அனுப்பியிருக்க வேண்டும், போய் மறுபடி எடுங்கள் என்றாராம். இப்படி ஒரு இரண்டாம் வாய்ப்பு அந்த வயதில், அந்த நிறுவனத்தில், ஒரு பெண்ணுக்கும் ஓர் இந்தியருக்கும் கிடைத்தது பெரிய விஷயம். கொடுத்தவரும் வெளியிலிருந்து வந்தவர் என்பதை நான் சும்மா விட்டுவிடத் தயாரில்லை.

அக்டோபர் 18-ஆம் தேதி மறுபடி எடுத்தார்கள். என்ன மாறியது? கோட்டும் டையுமாக இருந்த கிழவர், பழைய பாணி உடைக்கு மாறினார். குரூரம் குறைந்து குறும்பு கூடியது. சோதனைப் படத்தில் சூசன் வேற்றுக்கிரகத்துப் பெண் போலவே விறைப்பாக இருப்பாள், 49-ஆம் நூற்றாண்டில் பிறந்தேன் என்பாள். புதியதில் அந்த எண் போய்விட்டது. வேறொரு காலம், வேறொரு உலகம் என்று மட்டும் சொல்கிறாள். எல்லாவற்றையும்விடக் கிழவரின் ஒரு பேச்சு. சோதனைப் படத்தில் அது ஒரு பெருமையடிப்பு: நாங்கள் உங்கள் இனமே இல்லை, உங்கள் விஞ்ஞானம் எட்டாத தூரத்திலிருந்து வந்தவர்கள் என்கிற தோரணை. ஒளிபரப்பானதில் அதுவே கேள்வியாகிவிட்டது. நாடோடியாக, நாடு கடத்தப்பட்டவராக இருப்பது எப்படி இருக்கும் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா என்று வாத்தியாரைப் பார்த்துக் கேட்கிறார். துணையில்லை, பாதுகாப்பில்லை, சொந்த மண்ணிலிருந்து அறுபட்டுக் கிடக்கிறோம், ஆனால் ஒரு நாள் திரும்பிப் போவோம் என்கிறார். கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது ஹார்ட்னெல் எதிரில் நிற்பவர்களைப் பார்க்கவில்லை, எங்கோ பார்க்கிறார்.

மூன்று வாரத்தில் நடந்த இந்தத் திருத்தம் யார் செய்தது என்று ஒருவர் பெயரைச் சொல்லிவிட முடியாது. கிழவரைக் கொஞ்சம் மனிதராக்குங்கள் என்றது நியூமன், வசனம் கோபர்னுடையது, நடிகரிடமிருந்து அதை வாங்கியது ஹுசைன். ஆனால் மூன்று பேரில் எவருக்கும் அந்தக் கேள்வி வெறும் வசனமாக இருந்திருக்காது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். கிரைனர் எழுதிக் கொடுத்தது ஒரு மெட்டுதான். அதை நாம் கேட்கிற அந்த அமானுஷ்ய ஓசையாக ஆக்கியவர் பிபிசியின் ரேடியோபோனிக் பட்டறையில் வேலை பார்த்த டீலியா டெர்பிஷயர். சின்தசைசர் கடையில் கிடைக்காத காலம். ஒரு கம்பியைச் சுண்டிய ஒலி, மின்னலைக் கருவிகளின் ஒலி, இவற்றை டேப்பில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு சுரத்தையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, டிக் மில்ஸின் உதவியோடு செய்து முடித்தார். கிரைனர் கேட்டு அசந்துபோய், வருமானத்தில் பாதியை அவருக்குக் கொடுக்க முன்வந்தார். பிபிசியின் விதிமுறை இடம் கொடுக்கவில்லை. பட்டறையின் பெயர் மட்டுமே போகும், ஆளின் பெயர் போகாது. டெர்பிஷயர் 2001-இல் இறந்தார். அவர் பெயர் இந்தத் தொடரின் திரையில் முதலில் வந்தது 2013-இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு எபிசோடில். பெட்டி கிளம்பும்போது கேட்கும் அந்த இழுப்புச் சத்தம் பிரையன் ஹாட்சனுடையது. அம்மா வீட்டுச் சாவியைப் பழைய பியானோவின் தடித்த கம்பிமேல் தேய்த்துப் பதிவு செய்தார்.

ஒளிபரப்பைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கென்னடி கொலைச் செய்தியால் முதல் எபிசோட் பத்து நிமிடம் தள்ளிப்போனது என்பார்கள். கென்னடி சுடப்பட்டது முந்தின நாள், லண்டன் நேரம் மாலை ஆறரைக்கு. ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் தாமதம் எண்பது வினாடிதான். சுமார் 44 லட்சம் பேர் பார்த்தார்கள். சில பகுதிகளில் மின்வெட்டும் இருந்ததால், அடுத்த சனிக்கிழமை இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் இதை மறுபடி காட்டினார்கள். அப்போது சுமார் 60 லட்சம் பேர்.

அந்த இரண்டாவது எபிசோடும் அதற்கடுத்த இரண்டும் கற்கால மனிதர்கள் நெருப்புக்காக அடித்துக்கொள்ளும் கதை. என்னைக் கேட்டால் ஒரு முறை பார்த்தால் போதும். டிசம்பர் 21-இல் தொடங்கிய அடுத்த கதையில் டெரி நேஷன் எழுதிய டாலெக்குகள் உருண்டு வந்தன. நியூமன் வேண்டாம் என்ற அதே பூதங்கள்! அவர் கத்தினார், லாம்பர்ட் விட்டுக்கொடுக்கவில்லை, நாடே டாலெக் பைத்தியம் பிடித்து அலைந்தது.

பெட்டியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1929-இல் கில்பர்ட் மெக்கன்சி டிரென்ச் வடிவமைத்த போலீஸ் பெட்டி அது. லண்டன் தெருக்களில் சர்வசாதாரணமாக நின்ற சாமான், அதனால்தான் வேஷத்துக்குப் பொருத்தம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிஜப் பெட்டிகள் மறைந்த பிறகு வேஷம் மட்டும் மிஞ்சியது. அந்த வடிவத்துக்கு பிபிசி வணிகச் சின்ன உரிமை கேட்டது, லண்டன் போலீஸ் எதிர்த்தது, 2002-இல் பிபிசிதான் ஜெயித்தது.

ஹுசைன் அடுத்து இயக்கியது 'மார்க்கோ போலோ'. 1964 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஏழு எபிசோட், அதில் ஆறு அவருடையது. குப்ளாய் கானின் சீனாவுக்குப் போகிற கதை. ஆசிய வேடங்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களே நடித்தாலும், பிங் சோ என்ற சீனப் பெண்ணாக வந்தவர் பர்மாவில் பிறந்த ஜீனியா மெர்ட்டன். புகைப்படங்களைப் பார்த்தாலே அந்தச் சின்ன ஸ்டூடியோவில் எப்படிச் செய்தார்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. படத்தைப் பார்க்க வழியில்லை. டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு வாய்ப்பு குறைவு என்று பிபிசி அந்தக் காலத்து நிகழ்ச்சிகளை அழித்துவிட்டது. 2013-இல் நைஜீரியாவிலிருந்து வேறு இரண்டு கதைகளின் ஒன்பது எபிசோடுகள் கிடைத்தன, அதில் இது இல்லை. வீடுகளில் டேப் ரெக்கார்டரை டிவி பக்கத்தில் வைத்து ரசிகர்கள் பதிந்த ஒலி மட்டும் இருக்கிறது. 1965-இல் அவர் பிபிசிக்காக 'எ பேசேஜ் டு இந்தியா'வை நாடகமாக எடுத்தார். பின்னாளில் 'எட்வர்ட் அண்ட் மிஸஸ் சிம்ப்சன்' தொடருக்காக பாஃப்டா விருது வாங்கினார். இந்தத் தொடர் பிறந்த கதையை 2013-இல் படமாக எடுத்தபோது ஹுசைனாக நடித்தவர் சச்சா தவான். 2020-இல் அதே சச்சா தவான் டாக்டரின் பரம எதிரியான மாஸ்டராக டாக்டர் ஹூவுக்குள்ளேயே வந்து சேர்ந்தார்.

முதல் எபிசோட் தப்பிப் பிழைத்தது வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த ஃபிலிம் பிரதியால். ஆனால் 2023 நவம்பரில் பிபிசி தன் இணையச் சேவையில் எண்ணூறுக்கும் மேற்பட்ட டாக்டர் ஹூ எபிசோடுகளை ஒன்றாகக் கொண்டுவந்தபோது, இந்த முதல் நான்கு மட்டும் அதில் இல்லை. எழுத்தாளரின் வாரிசுத் தரப்போடு உரிமை ஒப்பந்தம் ஏற்படாததுதான் காரணம். அறுபதாம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் பிறந்தநாள் குழந்தையே வராத கதை!

2006-இல் வந்த டிவிடி தொகுப்பில் இரண்டு வடிவமும் இருக்கிறது. கையில் கிடைத்தால் சோதனைப் படத்தை முதலில் போடுங்கள், உடனே ஒளிபரப்பானதைப் போடுங்கள். அந்தப் பேச்சு வரும்போது மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.